பழைய அலுமினிய மீன்பிடிப் படகு: அடிப்புறத்தைச் சீராக்கிப் புதுப்பூச்சு கொடுக்க முழுமையான வழிகாட்டி

அலுமினியப் படகு பிழைத்திருக்கப் பெயின்ட் தேவையில்லை. பெயின்ட் அடிக்கும் ஆசையோடு வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் டப்பாவைத் திறக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. கீறினால் கீறிய இடத்தில் மறுபடி உருவாகும். இரும்புத் துரு உதிர்ந்து உதிர்ந்து அடுத்த அடுக்கைத் திறந்துவிடும். இந்தப் படலமோ ஒட்டிக்கொண்டு நின்று உலோகத்தைக் காக்கும். படகு கட்டப் பயன்படும் 5052, 5083, 5086 போன்ற மக்னீசியம் கலந்த உலோகக் கலவைகள் கடல்நீரையே பூச்சில்லாமல் தாங்கக்கூடியவை. அடிப்புறத்தில் ஒரு சொட்டுப் பெயின்ட்கூட இல்லாமல் உழைக்கும் படகுகள் உலகமெங்கும் உண்டு.

அப்படியிருந்தும் பழைய படகுகளின் அடிப்புறம் பொத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் தளர்ந்த ரிவெட்டுகள் (தகடுகளை இணைக்கும் அறையாணிகள்), வேறு உலோகங்களோடு ஏற்பட்ட தொடர்பு, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள்கள் ஆகியவையே. சரியாக ஒட்டாத பெயின்டும் அந்த மூன்றாவது வகையில்தான் சேரும். ஆக்சைடு படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். பாதி உரிந்த பெயின்டின் கீழ் தேங்கிய நீரில் அது போதிய அளவு கிடைப்பதில்லை. வெளியே பளபளப்பாகத் தெரிய, உள்ளே உலோகம் வெள்ளைப் பொடியாகிக்கொண்டிருக்கும். மோசமான பூச்சைவிடப் பூச்சே இல்லாதது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

பூச்சு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு முறையும் டிரெய்லரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும் படகு, அடிப்புறமும் வெறும் உலோகம் என்றால், கசிவை அடைத்து, அழுக்கெடுத்து, அப்படியே விட்டுவிடுங்கள். பக்கவாட்டுக்கு மட்டும் நிறம் அடித்தால் போதும். வாரக்கணக்கில் நீரிலேயே கிடக்கும் படகு என்றால் கதை வேறு. பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்க மருந்துப் பூச்சு வேண்டும். அந்தப் பூச்சு நிற்க அடியில் தடிமனான எபாக்சி, அதாவது இரு கூறுகளைக் கலந்ததும் இறுகும் பிசின், வேண்டும். ஏற்கெனவே பெயின்ட் அடித்து அது திட்டுத்திட்டாக உரிந்த படகுக்கும் வேறு வழியில்லை. முழுதும் உரித்து வெறும் உலோகமாக விடலாம், அல்லது முழுதும் உரித்து ஒழுங்காகப் பூசலாம். உரிந்த திட்டுகளை மட்டும் தேய்த்து மேலே ஒரு கோட் இழுப்பது அடுத்த சில மாதங்களுக்கான ஒப்பனை, அவ்வளவுதான்.

உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் பாருங்கள்

மோட்டார், பேட்டரி, எரிபொருள் டேங்க், இருக்கைகள், தரைப்பலகை எல்லாவற்றையும் கழற்றுங்கள். தரைப்பலகையை விட்டுவிட்டு அடிப்புறத்தை மட்டும் சரிசெய்ய நினைப்பவர்கள் உண்டு. அரிப்பு பெரும்பாலும் அந்தப் பலகையின் கீழிருந்துதான் தொடங்குகிறது என்பதால் அந்தச் சிக்கனம் பலிக்காது.

பலகையை எடுத்ததும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, மிதவை நுரை. இருக்கைக்கும் தரைக்கும் அடியில் அடைத்திருக்கும் இந்த நுரை பல ஆண்டுகளில் நீரை உறிஞ்சிக் கனத்துப்போயிருக்கும். ஒரு துண்டு வெட்டிப் பிழிந்தால் தெரிந்துவிடும். ஈரமாக இருந்தால் முழுதும் எடுத்தாக வேண்டும். ஆனால் எடுத்த அளவுக்குப் புதிய மூடிய துளை நுரையைத் திரும்ப வைக்காமல் விடாதீர்கள். படகு நீர் நிறைந்தாலும் மூழ்காமல் நிற்பது இந்த நுரையால்தான்.

இரண்டாவது, மரம். பூச்சி அரிக்காமலிருக்கச் செம்பு கலந்த மருந்தேற்றிய பலகை அலுமினியத்தைத் தொட்டபடி கிடந்தால் அந்த இடம் நிச்சயம் அரித்திருக்கும். பின்பலகை, அதாவது மோட்டார் மாட்டும் டிரான்சம், உளுத்திருக்கிறதா என்பதைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கெட்டியான மரம் ‘டக்’கென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாக ஒலிக்கும். உளுத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். பூச்சு முடிந்தபின் மாற்றினால் பூச்சு பாழாகும்.

மூன்றாவது, அடியில் சிந்திக் கிடக்கும் சின்னச் சாமான்கள். ஈயக் குண்டு, பித்தளை வளையம், தூண்டில் முள், நாணயம், செம்புக் கம்பித் துண்டு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழி காத்திருக்கும்.

அடுத்தது கசிவுச் சோதனை. படகை நிமிர்த்தி வைத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, உள்ளே நீர் விடுங்கள். எங்கிருந்து சொட்டுகிறதோ அங்கே வெளியே வட்டமிடுங்கள். நீரின் எடையை மறந்துவிடாதீர்கள். 4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள தட்டையடிப் படகில் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் நிறைத்தால் சுமார் 480 கிலோ. அதை வெறும் இரண்டு முக்காலிகளில் நிறுத்தினால் நீங்கள் தேடாத இடத்திலும் புதிய கசிவு வரும். ஏராவுக்கும் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) விலாச் சட்டங்களுக்கும் நேர்கீழே நெருக்கமாக முட்டுக் கொடுங்கள், நீரையும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். வெளியே வந்த துளி மடிப்பின் வழியே ஓடிவந்து வேறிடத்தில் சொட்டும். துளி முதலில் எட்டிப்பார்க்கும் மேல்முனைதான் உண்மையான இடம். குறியிட மார்க்கர் பேனாவைப் பயன்படுத்துங்கள், பென்சில் வேண்டாம். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்க வைக்கும். விமானப் பணிமனைகளில் அலுமினியத் தகட்டின் மேல் பென்சிலால் கோடு போடக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

பழைய பெயின்டை உரித்தல்

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அடிப்புறத்து மருந்துப் பூச்சில் செம்பும், மிகப் பழையதென்றால் டிரைபியூட்டைல்டின் என்ற கொடிய தகரச் சேர்மமும் இருக்கலாம். இந்தச் சேர்மத்தைத் தடைசெய்யும் சர்வதேச உடன்பாடு 2001இல் கையெழுத்தாகி 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய படகென்றால் எச்சரிக்கை இரட்டிப்பாகட்டும். உலர்ந்த தூசி கிளப்பித் தேய்க்காதீர்கள். நீர் தெளித்துத் தேயுங்கள், அல்லது தூசி உறிஞ்சி இணைத்த சாண்டரை, அதாவது தேய்ப்பு இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள். துணி மாஸ்க் இதற்குப் போதாது. நுண்தூசியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். கழிவை விரிப்பில் சேர்த்து அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். வாய்க்காலில் கழுவிவிட்டால் நீங்கள் மீன்பிடிக்கும் நீருக்கே அது வந்து சேரும்.

ரசாயனம் வைத்து உரிப்பதானால் ‘அலுமினியத்துக்கு ஏற்றது’ என்று டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். காஸ்டிக் சோடா கலந்த எதுவும் ஆகாது. அது பெயின்டோடு உலோகத்தையும் கரைக்கும். கரையும்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும். மருந்தைப் பூசி ஊறவிட்டு, பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுங்கள். மடிப்புகளுக்குள்ளும் ரிவெட் தலையைச் சுற்றியும் மிச்சம் ஒளிந்திருக்கும். நைலான் பிரஷ் வைத்து நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள்.

மணல் வீசி உரித்துத் தருவதாகச் சொல்லும் பட்டறைகளிடம் யோசித்துக் கொடுங்கள். சிறு படகின் தகடு பெரும்பாலும் 1.5 முதல் 2.5 மி.மீ. தடிமன்தான். கூடுதல் அழுத்தத்தில் மணல் வீசினால் தகடு நெளிந்துவிடும், அந்த நெளிவை எடுக்க முடியாது. வீசத்தான் வேண்டும் என்றால் குறைந்த அழுத்தம், மென்மையான பொருள். சமையல் சோடா வீசினால் அதன் படிவு பெயின்டை ஒட்டவிடாது, எனவே பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். இரும்புக் குண்டு, இரும்புத்தூள் கூடவே கூடாது.

ஸ்டீல் வுல், இரும்புக் கம்பி பிரஷ், இரும்பு தேய்த்த அதே கிரைண்டர் சக்கரம் ஆகியவற்றைப் படகுக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அலுமினியத்துக்குள் பதிந்துகொள்ளும் இரும்புத் துகள் ஒவ்வொன்றும் பூச்சின் கீழ் அரிப்பைத் தொடங்கி வைக்கும். நைலான் தேய்ப்புத் துணி, அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாள், அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷ் ஆகியவை போதும். 80 எண் தாளில் தொடங்குங்கள். ரிவெட் தலைகளின் மேல் சாண்டரை அழுத்தாதீர்கள். தலை தேய்ந்தால் பிடிமானம் போய்விடும்.

ரிவெட்டுகள்: பொறுமை கேட்கும் இடம்

படகு ஓடும்போது ஒவ்வொரு அலையும் தகட்டை வளைத்து விடுகிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து ரிவெட்டின் பிடி தளரும். தளர்ந்ததைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஒருவர் உள்ளே இருந்து ரிவெட்டின் வாலை (உட்பக்கம் அடித்துப் பரப்பிய முனையை) லேசாகத் தட்ட, மற்றவர் வெளியே தலையின் ஓரத்தில் விரல்வைத்து உணரட்டும். தலை தகட்டோடு சேர்ந்து அதிராமல் தனியாக அசைந்தால் அது தளர்ந்திருக்கிறது. தலையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கறை வழிந்திருந்தாலும் அதே பொருள்: உலோகம் உலோகத்தோடு உரசி வந்த தூள் அது.

தளர்ந்த ரிவெட்டை மாற்றித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பெரும்பாலானவற்றை மறுபடி இறுக்கிவிடலாம். வெளியே இருப்பவர் ஒன்றரை இரண்டு கிலோ எடையுள்ள வழவழப்பான இரும்புக் கட்டியைத் தலையின் மேல் அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் உருண்டைமுகச் சுத்தியலால் வாலைத் திடமாக அடிக்க வேண்டும். நான்கைந்து நல்ல அடி போதும். சின்னச் சின்னதாக இருபது அடி அடித்தால் உலோகம் விறைத்து வெடிப்பு விடும். கட்டியின் முகம் கீறலில்லாமல் இருக்கட்டும், இல்லையென்றால் அந்தக் கீறல் அப்படியே ரிவெட்டின் தலையில் பதியும்.

தலை தேய்ந்ததும், வால் வெடித்ததும், இறுக்கியும் அசைவதும் மாற்ற வேண்டியவை. தலையின் நடுவில் பஞ்ச் வைத்துப் புள்ளியிட்டு, ரிவெட் தண்டின் அளவைத் தாண்டாத பிட்டால் தலையளவு ஆழம் மட்டும் துளையிடுங்கள். உளியால் தலையைத் தட்டியெடுத்து, தண்டைப் பஞ்சால் உள்ளே தள்ளிவிடுங்கள். துளை முட்டைவடிவமாகியிருந்தால் அடுத்த பெரிய அளவு ரிவெட்டுக்கு ஏற்ப உருண்டையாக விரித்துக்கொள்ளுங்கள். புதிய ரிவெட்டின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: தகடுகளின் மொத்தத் தடிமனோடு ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்ட வேண்டும். 2 மி.மீ. தகடு இரண்டு, ரிவெட் விட்டம் 4.8 மி.மீ. என்றால் 4 + 7.2, அதாவது ஏறத்தாழ 11 மி.மீ. அடித்து முடித்த வால் விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலமும் பாதியளவு உயரமும் இருக்க வேண்டும். இந்த ரிவெட்டுக்கு அது 7 மி.மீ. அகலம், இரண்டரை மி.மீ. உயரம். துளையில் நுழைக்குமுன் தண்டைப் படகுக்கான பாலியூரித்தேன் சீலன்டில் (கசிவை அடைக்கும் பசை) தோய்த்துவிடுங்கள்.

உள்ளே கை நுழையாத இடங்களுக்கு ஒருபக்கத்திலிருந்தே பதிக்கும் பாப் ரிவெட் தேவைப்படும். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவே துளை இருக்கும், அது வழியே நீர் வரும். முனை மூடியது, உடலும் உள்கம்பியும் அலுமினியமே ஆனது என்று கேட்டு வாங்குங்கள். இரும்புக் கம்பி உள்ளது வாங்கினால் அடுத்த அரிப்பையும் கூடவே வாங்கியதாகும். எதுவானாலும் ஏராவை ஒட்டியும் டிரான்சத்தை ஒட்டியும் பாப் ரிவெட்டை நம்பாதீர்கள். அங்கே வரும் பாரம் அதிகம்.

எல்லா ரிவெட்டும் இறுகியபின்தான் உட்புறமிருந்து மடிப்புகளுக்கு நெகிழ்வான இருகூறு எபாக்சி சீலரைப் பூச வேண்டும். பூசுமுன் ஹீட் கன்னால் தகட்டை இளஞ்சூடாக்கினால் அது இளகி மடிப்புக்குள் இழுபட்டுப் போகும். அசையும் ரிவெட்டின் மேல் இதைப் பூசினால் ஒரே பருவத்தில் வெடித்துவிடும். சிலிகான் வேண்டவே வேண்டாம். வினிகர் நெடி அடிக்கும் சிலிகானில் வெளிப்படும் அமிலம் அலுமினியத்துக்கு ஆகாது. சிலிகான் பட்ட இடத்தில் பெயின்டும் நிற்காது.

வெடிப்பு, குழி, நசுங்கல்

வெடிப்பின் இரு முனைகளையும் கண்டுபிடித்து 3 மி.மீ. துளை ஒவ்வொன்று போடுங்கள். கூர்முனை உருண்டையானால் வெடிப்பு மேலே ஓடாது. முனை கண்ணுக்குத் தெரியாவிட்டால் வெடிப்பைக் காட்டும் சாய ஸ்பிரே உதவும். பிறகு வெல்டிங்கா, ஒட்டுத் தகடா என்பது படகைப் பொறுத்தது. வெல்டிங்கால் கட்டிய படகை வெல்டிங்கால் சரிசெய்யலாம். 5000 வரிசைக் கலவைகளுக்கு 5356 கம்பி பொருந்தும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேலிருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். அந்தப் படலத்தைச் சுரண்டி எடுக்காமல் நெருப்பு வைத்தால் மேல்தோல் அப்படியே நிற்க உள்ளே உலோகம் உருகி ஊற்றிவிடும். சூடேறும்போது நிறமும் மாறாது, முன்னறிவிப்பே இருக்காது. ஆகவே அலுமினியம் வெல்டிங் தெரிந்தவரிடமே கொடுங்கள். அவர் வருமுன் அருகிலுள்ள நுரையையும் எரிபொருள் டேங்கையும் அகற்றியிருக்க வேண்டும்.

ரிவெட் அடித்த மெல்லிய படகுக்கு ஒட்டுத் தகடே என் தேர்வு. வெல்டிங் சூடு சுற்றியுள்ள ரிவெட்டுகளைத் தளர்த்திவிடும். அதே 5052 தகடு, அதே தடிமன், மூலைகள் உருட்டியது, சேதத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் குறைந்தது 25 மி.மீ. பரவியது. ரிவெட் துளையின் மையம் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி இருக்கட்டும். முழுப் பரப்பிலும் சீலன்ட் தடவிப் பதியுங்கள். கேஸ் டார்ச்சில் உருக்கி ஒட்டும் துத்தநாகக் குச்சிகளை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அவை சிறு துளைக்கு உதவலாம், வளைந்துகொடுக்கும் வெடிப்புக்கு நிற்காது.

அரித்த குழிகளை வெள்ளைப் பொடி முழுதும் போய் மினுங்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். அப்போதுதான் உண்மையான ஆழம் தெரியும். தடிமனில் பாதிக்குக் குறைவாக இருந்தால் எபாக்சி பட்டி வைத்து நிரப்பலாம். அதற்கு மேல் போனால் ஒட்டுத் தகடு. கார்களுக்குப் பார்க்கும் பாலியெஸ்டர் பட்டி நீர்மட்டத்துக்குக் கீழே ஈரம் குடிக்கும், இரும்புத்தூள் கலந்த பட்டியும் வேண்டாம்.

நசுங்கலை ரப்பர் சுத்தியலும் மணல்மூட்டையும் வைத்து ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லத் தட்டுங்கள். முக்கால்வாசி எழும்பியதும் விட்டுவிடுங்கள். அடிக்க அடிக்க அலுமினியம் விறைக்கும். கசியாத சிறு நசுங்கல் மீனுக்குத் தெரியப்போவதில்லை.

இதையெல்லாம் முடித்தபின் மறுபடி நீர் விட்டுச் சோதியுங்கள். பூச்சு கசிவை அடைக்கும் என்று நம்பி இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களே அதிகம்.

சுத்தம் செய்யும் வரிசை

முதலில் எண்ணெய், பிறகு தேய்ப்பு. இந்த வரிசை மாறக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கோடு தேய்த்தால் உப்புத்தாள் அதைக் கீறல்களுக்குள் திணித்துவிடும். சோப்புநீரில் கழுவி, கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, கரைப்பான் காயுமுன் இன்னொரு உலர்ந்த துணியால் வாரியெடுங்கள். ஒரே துணியால் துடைப்பது அழுக்கை இடம் மாற்றுவதுதான். பிறகு 80 அல்லது 120 எண் தாளால் சீராகத் தேயுங்கள். மங்கலான ஒரே நிறம் வரவேண்டும், பளபளப்பான திட்டு எங்கும் மிஞ்சக்கூடாது.

அடுத்து பாஸ்போரிக் அமிலம் கலந்த அலுமினியக் கழுவு நீர். டப்பாவைப் படித்து வாங்குங்கள். சில ‘பளபளப்பாக்கி’களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது தோலில் பட்டபோது வலிக்காமலே ஆழமாக இறங்கி எலும்பு வரை பாதிக்கக்கூடியது. அதைத் தவிர்ப்பதே நல்லது. கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டம் எல்லாம் அமிலம் எதுவானாலும் வேண்டும். கீழிருந்து மேலாகப் பூசி, காயவிடாமல், நிறைய நீரால் கழுவுங்கள்.

கழுவிய நீர் தகட்டின் மேல் ஒரே விரிப்பாக நின்றால் உலோகம் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர்போல் முத்து முத்தாகப் பிரிந்தால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது, அந்த இடத்தை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.

இதன்மேல் அலோடைன் போன்ற, உலோகத்தின் மேற்பரப்பையே ரசாயனத்தால் மாற்றும் பூச்சு கொடுப்பவர்கள் உண்டு. ஓரிரு நிமிடத்தில் உலோகம் பொன்னிறமாக மாறும். எபாக்சி அதைப் பற்றிக்கொள்ளும். பழைய பொன்னிற வகைகளில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. குரோமியம் இல்லாத வகைகளும் மூன்று இணைதிறன் குரோமியம் உள்ள வகைகளும் இப்போது கிடைக்கின்றன. வீட்டில் வேலை செய்பவர் அவற்றையே நாடலாம். இந்தப் படி இல்லாமலும் பூச்சு நிற்கும், ஆனால் அப்போது தேய்த்த சில மணி நேரத்துக்குள் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஏறியாக வேண்டும். இரவு முழுதும் ஆறவிட்டுக் காலையில் வந்தால் தடித்துவிட்ட ஆக்சைடின் மேல்தான் பூசுவீர்கள்.

பிரைமர்

எட்ச் பிரைமர் என்ற அமிலப் பிரைமர், இருகூறு எபாக்சி பிரைமர் என இரண்டு வழிகள். பக்கவாட்டுக்கு எட்ச் பிரைமர் சரிதான். நீர்மட்டத்துக்குக் கீழே எபாக்சியையே நம்புங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் இரட்டைப் பலம் என்று நினைக்க வேண்டாம். எட்ச் பிரைமரில் மிஞ்சிய அமிலம் மேலே வரும் எபாக்சியை இறுகவிடாமல் கெடுக்கும். ஒரே தயாரிப்பாளர் தன் விவரத்தாளில் அனுமதித்தால் தவிர இந்தச் சேர்க்கை கூடாது.

உலோகத்தின் வெப்பம் பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அன்று வேலை வேண்டாம். கொளுத்தும் வெயிலில் சுடும் தகட்டிலும் பூசாதீர்கள். கரைப்பான் கொதித்து ஊசித் துளைகள் விழும். இரு கூறுகளையும் சொன்ன விகிதத்தில் கலந்து, விவரத்தாள் சொல்லும் நேரம் ஊறவிட்டபின் பூசுங்கள். ஒரே நேரத்தில் அதிக அளவு கலந்து வைத்தால் டப்பாவிலேயே சூடேறிக் கெட்டியாகிவிடும்.

முதல் கோட்டுக்கு எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. மெல்லிய கோட் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே அதற்குள்ளாகவே தேய்ப்புத் துணியால் உலோகத்தைத் தேய்ப்பது. அப்போது உடைபடும் ஆக்சைடின் இடத்தைக் காற்றுக்குப் பதில் எபாக்சி பிடித்துக்கொள்ளும். கைவலிக்கும் வேலைதான், ஆனால் அமிலங்களைத் தொட விரும்பாதவர்களுக்கு இது நல்ல மாற்று.

அடுத்தடுத்த கோட்டுகளை விவரத்தாளில் சொன்ன இடைவெளிக்குள் போடுங்கள். நேரம் தவறினால் மறுபடி தேய்த்துத்தான் ஏற்ற வேண்டும். மருந்துப் பூச்சு வரப்போகிறது என்றால் எபாக்சியின் மொத்த உலர்தடிமன் குறைந்தது 200 மைக்ரான் இருக்கட்டும். ரோலரில் இது நான்கைந்து கோட் ஆகலாம். ஓரங்கள், மடிப்புகள், ரிவெட் தலைகளுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் முன் பிரஷால் ஒரு கூடுதல் இழுப்பு கொடுங்கள். கூர்மையான இடத்தில் பெயின்ட் தானாகவே மெலிந்து விலகும்.

மேல்பூச்சும் மருந்துப் பூச்சும்

அலுமினியம் சூட்டில் நன்றாக விரியும். 4 மீட்டர் படகு 30 டிகிரி வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும். ஆகவே விறைத்துப்போகும் மலிவு எனாமலைவிட நெகிழ்வுள்ள பாலியூரித்தேன் பக்கவாட்டுக்கு ஏற்றது. இருகூறு பாலியூரித்தேன் நீண்டகாலம் பளபளக்கும்; ஆனால் அதில் மூச்சு உறுப்புகளைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்பிரே அடித்தால் வெளிக்காற்று குழாய்வழி வரும் முகக்கவசம் இல்லாமல் கிட்டேயே போகக்கூடாது. வீட்டில் செய்பவர் ரோலரால் உருட்டி, உடனே பின்னால் இன்னொருவர் மென்மையான பிரஷின் நுனியால் ஒரே திசையில் வருடிவிடுவது நல்லது. கைத்தேர்ந்த இருவர் சேர்ந்தால் ஸ்பிரேக்குச் சமமாக வரும். ஒருகூறு வகை சற்று மென்மையானது, திருத்துவது சுலபம். மீன்பிடிப் படகுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி.

மருந்துப் பூச்சில் ஒரு விதி மட்டும் மீறவே கூடாதது. செம்பு ஆக்சைடு கலந்த பூச்சை அலுமினியத்தில் அடிக்காதீர்கள். அடியிலுள்ள எபாக்சியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், செம்பும் அலுமினியமும் கடல்நீரும் சேர்ந்து மின்கலமாகி, அந்தக் கீறல் வழியே தகடு துளைபடும். ‘அலுமினியத்துக்கு ஏற்றது’ என்று குறிப்பிட்ட செம்பில்லாத வகைகளையோ, செம்பு தயோசயனேட் வகைகளையோ தேர்ந்தெடுங்கள். தயோசயனேட் என்றால் தடித்த எபாக்சி அடித்தளம் கட்டாயம். பாறையில் வழுக்க வேண்டும் என்று கிராஃபைட் கலந்த எபாக்சியை அடிக்கும் பழக்கமும் உண்டு. பென்சிலுக்குச் சொன்ன காரணமே இதற்கும் பொருந்தும், உப்புநீரில் ஓடும் படகுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பூச்சு முழுதும் இறுகாமல் நீரில் இறக்காதீர்கள். தொட்டால் ஒட்டாதது வேறு, உள்ளே இறுகியது வேறு. பல இருகூறு பூச்சுகளுக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

திரும்பப் பூட்டும்போது

ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் அலுமினியத்தை நேராகத் தொடக்கூடாது. நைலான் வாஷர் போட்டு, புரியில் அரிப்புத் தடுப்புப் பசை தடவிப் பூட்டுங்கள். பித்தளை, செம்புப் பொருத்துகளுக்கு இந்தப் படகில் இடமே இல்லை. தரைக்குச் சாதாரண மரைன் பிளைவுட் எடுத்து எல்லா ஓரங்களிலும் எபாக்சி பூசுங்கள். உலோகத்தின் மேல் நேராகக் கம்பளம் விரிக்காதீர்கள். டிரெய்லரின் தாங்கு பலகைகளையும் பாருங்கள்: மருந்தேற்றிய மரம், அதைச் சுற்றி ஈரக் கம்பளம் என்றால் புதுப்பூச்சின் மேல் முதல் கொப்புளம் அங்கேதான் வரும்.

மின்சாரத்தில் ஒன்றுதான் முக்கியம். விளக்குக்கும் பம்புக்கும் திரும்பும் கம்பியாகப் படகின் உடலைப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பி பேட்டரி வரை போகட்டும். கசியும் மின்னோட்டம் அலுமினியத்தைத் தின்னும் வேகம் சாதாரண அரிப்பைவிடப் பல மடங்கு.

நீரிலேயே நிற்கும் படகுக்குத் தியாக அனோடு, அதாவது படகுக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகக் கட்டி, வேண்டும். உப்புநீருக்குத் துத்தநாகமோ அலுமினியமோ, நன்னீருக்கு மக்னீசியம், இரண்டும் கலந்த கழிமுகத்துக்கு அலுமினிய அனோடு. மக்னீசியத்தைக் கடலுக்குக் கொண்டுபோனால் அது வேகமாகக் கரைவதோடு அளவுக்கு மீறிப் பாதுகாக்கும். அதனால் உண்டாகும் காரம் பெயின்டைத் தூக்கிவிடும், அலுமினியத்தையும் அரிக்கும். அனோடை வெறும் உலோகத்தோடு இறுகப் பூட்டுங்கள், மேலே பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஒரு பருவம் முழுதும் நீரில் கிடந்தும் அனோடு புதிதுபோலவே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்: உடலோடு அதற்கு மின்தொடர்பு இல்லை என்று பொருள். கழற்றி, அதன் அடியிலும் போல்ட்டைச் சுற்றியும் உள்ள பெயின்டைச் சுரண்டி, மல்டிமீட்டரால் அனோடுக்கும் படகு உடலுக்கும் இடையே தொடர்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டுங்கள்.